நாய், பூனை, கவிஞர்

வெள்ளிக்கிழமை வீடு கைமாறுகிறது. வெக்ஸ்போர்ட் பகுதியை விட்டுப் பிக்கரிங் நகருக்குப் போகுமுன், பேஸ்மென்ற் நிலவறையில் இருக்கும் நீக்கிலாப்பிள்ளையை வேறு இடம் பார்க்கச் சொல்லவேண்டும். அதைச் சொல்வது கிளடிஸின் பொறுப்பு என்று அவளும் கணவன் அகஸ்ரினும் எப்போதோ பேசி முடித்தாயிற்று. அவள்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

நீக்கிலாப்பிள்ளை அகஸ்ரினின் மன்னார் ஊர்க்காரர், வயதில் மூத்தவர். ஒரு மாதம் தங்கிப் போகிறேன் என்று வந்து பதினொரு வருடமாகிறது. எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. குப்பைத் தொட்டியைத் திறக்கப் பழகிய ரக்கூனைப் பற்றி, அணிலைப் பற்றி என்று கவிதை மட்டும் எழுதுவார். மிசிசாகாவில் விமானநிலைய வேலை முடிந்து களைத்து வரும் கிளடிஸ் சப்பாத்தைக் கழற்றுமுன்னே படித்துக் காட்டுவார். அவள் கதவடியில் நின்றபடியே சிரிப்பாள்.

சுப்பவைசர் வேலைக்குப் பிரெஞ்சு தேவை என்று சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போனாள். நரியையும் சிங்கத்தையும் பேசவைத்த பழைய பிரெஞ்சுக் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி ரீச்சர் சொல்லியிருந்தார். படிக்கப் படிக்க அவளுக்குத் தலை சுற்றியது. கோடை முழுக்கப் பாடித் திரிந்த சில்வண்டை எறும்பு வாசலோடு திருப்பி அனுப்பும் கதையை எழுதிய மனுசன், பெண்சாதி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு, இருபது வருடம் ஒரு சீமாட்டி வீட்டில் ஓசியில் இருந்திருக்கிறார். அந்தச் சீமாட்டி ஒருமுறை வேலைக்காரர் எல்லாரையும் நிறுத்திவிட்டாளாம். நாய், பூனை, கவிஞர், இந்த மூன்றையும் மட்டும் வைத்துக்கொண்டாளாம்.

கணிதமும் வானசாஸ்திரமும் படித்த கெட்டிக்காரி அந்தச் சீமாட்டி. பிறகேன் இவரை வைத்திருந்தாள்? வகுப்பில் ரீச்சரும் அதைத்தான் கேட்டார். தெரியாது என்று கிளடிஸ் பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால், பேஸ்மென்ற் படியடியில் நீக்கிலாப்பிள்ளை கட்டிவைத்த பெட்டிகள் மூன்று, பக்கத்தில் அவர். விற்பனைப் பலகை முற்றத்தில் நின்றதைப் பார்க்காமலிருக்க அவரென்ன குருடரா? கிளடிஸுக்கு வெட்கமாக இருந்தது.

“எங்கை போறியள் அண்ணை?”

“கூட்டாளி ஒருத்தன்ரை சோபா இருக்கு, பிள்ளை. காலைக் கொஞ்சம் மடக்கவேணும், அவ்வளவுதான்.”

மேல்படியில் நின்ற அகஸ்ரின் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நீக்கிலாப்பிள்ளையிடம் சொன்னான்.

“பெட்டியளை எங்கடை ட்ரக்கிலை ஏத்துங்கோ, அண்ணை. பிக்கரிங்கிலை ஒம்பது வீடு பாத்தம். ஒவ்வொண்டிலையும் உவ முதல் இறங்கிப் பாத்தது பேஸ்மென்ற் ஜன்னலைத்தான். குசினியைக்கூடப் பிறகுதான் பாத்தவ.”

மறுத்துச் சொல்லத்தான் கிளடிஸ் வாயெடுத்தாள். ஒன்பது ஜன்னலும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ரீச்சருக்குச் சொல்ல இப்போது பதில் இருந்தது, அதற்கான பிரெஞ்சுதான் இல்லை.

நீக்கிலாப்பிள்ளை ஒரு பெட்டியின்மேல் ஆறுதலாக உட்கார்ந்தார். வாங்கின வீட்டு ஜன்னலால் காலை வெயில் வருமோ என்று கேட்டார்.

“வரும்,” என்றாள் கிளடிஸ். “மேசை போட இடமும் பாத்தனான்.”