கழுதையின் மூட்டை

கொழுந்தன் ஆலன், அண்ணன் சட்டையின் கழுத்துப் பட்டனை இழுத்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்த விக்டோரியாவுக்கு அழுகைதான் வந்தது. கல்யாணத்தன்றுகூட அந்தப் பட்டனுக்குக் கட்டுப்படாத மனுஷன் சத்தியசீலன். இப்போது சவப்பெட்டிக்குள் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாகக் கிடந்தார்.

அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். எலுமிச்சம்பழம் தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. இங்கிலீஷுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற விக்டோரியா, மறுநாள் பாடத்தை முதலில் அவரிடம்தான் நடத்திப் பார்ப்பாள். வெங்காயம் உரித்தபடி கேட்பார். நீதிக்கதை என்றால் ஏகக் குஷி. கதை முடிந்ததும் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுவார். அதை அவள் வகுப்பில் கேட்டால் போதும், கடைசி பெஞ்சுகூட முண்டியடித்துக்கொண்டு இங்கிலீஷ் பேசும். நல்ல டீச்சர் என்று தனக்கு வந்த பேரில் பாதி அவருடையது என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளிடமும் அதை மறைத்ததில்லை. அவர்கள் அவருக்குக் 'கேள்வி சார்' என்றே பேர் வைத்திருந்தார்கள்.

முந்தாநாள் சாயங்காலம் கழுதைக் கதை. கழுதையை அடித்தே ஓட்டுகிற வியாபாரி ஒருவன் கிணற்றில் விழுகிறான். கழுதை கத்திக் கத்தி ஊரைக் கூட்டுகிறது. கரையேறியவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். நன்றி மறவாதே, பாடம் முடிந்தது.

"அது சரி டீச்சர், கழுதை முதுகுல இருந்த மூட்டைய எறக்குனானா இல்லையா?"

அது புத்தகத்தில் இல்லை. பிள்ளைகளிடம் கேட்டு, என்ன சொல்றாய்ங்கன்னு சாயங்காலம் வந்து சொல்லு என்றார்.

நேற்றுக் காலை கேட்டாள். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், வாசலில் தலைமையாசிரியை நின்றார். பட்டறையிலேயே நெஞ்சுவலி, எல்லாம் முடிந்திருந்தது. பதிலைக் கேட்காமலே போய்விட்டாரே என்பதுதான் ராத்திரி முழுக்க அவளை அறுத்தது.

போதகர் ஜெபத்தை முடித்து, பெட்டியை மூடலாம் என்றார். அந்நேரம் பார்த்துத் தெருவை அடைத்துக்கொண்டு ஏழாம் வகுப்பு வந்து சேர்ந்தது. முன்னால் வந்தவள் முத்துச்செல்வி. வகுப்பில் இங்கிலீஷுக்கு வாயே திறக்காத பிள்ளை. அவள் டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பெட்டியருகே போய்க் குனிந்து, திக்கித் திணறி ஒரு வாக்கியம் இங்கிலீஷில் சொன்னாள். சாருக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று அப்புறம்தான் நினைவு வந்தது போல.

"மூட்டைய எறக்கியாச்சு சார். எறக்கிட்டுத்தான் கட்டிப்பிடிச்சான். கிளாஸே அப்பிடித்தான் சொன்னோம்."

அழுகைக்கு நடுவே விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றாள். காலையிலிருந்து வாய் முணுமுணுத்த வார்த்தைதான். இப்போதுதான் மனசோடு வந்தது. முத்துச்செல்வியைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஆலன் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் பொறு தம்பி," என்றாள் விக்டோரியா. குனிந்து, கணவரின் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டாள்.