லிஸ்ட்ல கேளுங்க

என் வீட்டுக்காரருக்கு வேலை போன பிறகு வந்த முதல் நல்ல செய்தியே ஒரு கண்டிஷனோடுதான் வந்தது. ஒரு கம்பெனி அவரை இன்டர்வியூவில் குடைந்து எடுத்துவிட்டு, "கெர்னலுக்குள் உங்கள் பேட்ச் ஒன்றாவது போகட்டும், உடனே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியது. கெர்னல் என்பது கம்ப்யூட்டரை அடியிலிருந்து ஓட்டும் நிரல். இது எல்லோருக்கும் பொதுவானது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், அந்தத் திருத்தத்துக்குப் பெயர்தான் பேட்ச். அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விடாது என்பதுதான் சங்கதி.

இவர் பிடித்தது ஒரு பழைய நெட்வொர்க் கார்டின் டிரைவரை, அதாவது கெர்னலுக்குள் அந்தக் கார்டை இயக்கும் பகுதியை. அந்தக் கார்டு அவ்வப்போது மயங்கி நின்றுவிடும். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டால்தான் எழுந்திருக்கும். தானாகவே எழுந்து ஓடும்படி செய்கிறேன் என்று கிளம்பினார். யோசனை பிரமாதம். ஆனால் அந்த டிரைவருக்கு வரும் பேட்ச்சையெல்லாம் படித்துச் சரி சொல்லும் பொறுப்பு பல வருஷமாக என் தலையில் இருக்கிறது.

"உலகத்துல வேற டிரைவரே கிடைக்கலையா உங்களுக்கு?"

"வீட்ல இருக்கறது அந்த ஒரு கார்டுதானே? டெஸ்ட் பண்ணாம அனுப்பினா நீயே கிழிச்சுடுவ."

அது உண்மைதான். ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். நாங்கள் கணவன் மனைவி என்று அங்கே யாருக்கும் தெரியக்கூடாது. "பொண்டாட்டி தயவுல உள்ள போயிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது பாரு." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பேட்ச்சும் அதைப் பற்றிய விவாதமும் எல்லோருக்கும் ஈமெயிலாகப் போகும் மெயிலிங் லிஸ்ட்டில் என் பெயர் வெறும் இரண்டு எழுத்து. ஆளை யாருக்கும் தெரியாது.

முதல் பதிப்பு வந்தது. ஒரே பேட்ச்சில் மூன்று வேலை. ஒரு பேட்ச்சுக்கு ஒரு வேலைதான் என்பது எழுதாத சட்டம்கூட இல்லை, எழுதியே வைத்த சட்டம். அதோடு நிரலின் தொடக்கத்தில் மாறிகளின் பெயர்களை அறிவிக்கும்போது நீளமான வரி மேலே, குட்டையான வரி கீழே என்று படிப்படியாக இறங்கவேண்டும். நெட்வொர்க்குக்காரர்களுக்கு மட்டும் உள்ள கிறுக்கு இது. இவர் இஷ்டத்துக்கு அடுக்கியிருந்தார். எல்லாவற்றையும் எழுதி லிஸ்ட்டுக்கு அனுப்பினேன். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் லேப்டாப் டிங்கென்றது. முகம் தொங்கிப்போயிற்று.

"இதை வாயால சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

"லிஸ்ட்ல பேசாதது பேசினதாவே கணக்கில்ல. சந்தேகம்னா லிஸ்ட்ல கேளுங்க."

உள்ளேயிருந்து டீயோடு வந்த மாமியார் அப்படியே நின்றார். "எதிர்ல இருக்கற புருஷனுக்கு லெட்டரா? என்னடி குடும்பம் இது?"

"லெட்டர் இல்ல அத்தை, ரிவ்யூ."

"என்னவோ. அவன் வேலைக்குப் போகணும், அதுக்கு வழியப் பாரு."

வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

இவர் எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் திருத்திவிட்டார். ஆனால் ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் ஒரு நாளாவது இடைவெளி விடவேண்டும், மற்றவர்களும் படிக்கவேண்டாமா? அந்த ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் கூண்டுப்புலி மாதிரி உலாத்தினார். இரண்டாவதில் விளக்கம் போதவில்லை. மூன்றாவதில் விளக்கம் கதாகாலட்சேபம். நான்காவதில்தான் பெரிய தப்பு ஒன்று கண்ணில் பட்டது.

கார்டு மயங்கியதும் இவருடைய நிரல் முதலில் கார்டு தகவல் போடும் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகுதான் கார்டை நிறுத்தியது. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகும் தபால்காரர் அதே வீட்டில் தபால் போட்டுக்கொண்டே இருந்தால் எப்படி? புதுக் குடித்தனக்காரர் பொருளின் மேல் போய் விழும். எங்கோ ஒருவரின் கம்ப்யூட்டர் காரணமே தெரியாமல் கவிழும்.

புது வசதிகள் கெர்னலுக்குள் போகும் கதவு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு மூடுகிறது. மறுபடி திறக்கும்வரை கம்பெனி காத்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எழுதி அனுப்பினேன். இவர் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமியார் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார்.

சனிக்கிழமை காலை ஐந்தாவது வந்தது. கார்டை வேண்டுமென்றே மயங்க வைத்தேன். எழுந்தது. எத்தனை தரம் தள்ளிவிட்டாலும் சமர்த்தாக எழுந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்து நாளாயிற்று. பெருமை தாங்கவில்லை எனக்கு. 'படித்தேன், சரி' என்ற வரியைப் போட்டு அனுப்பினேன்.

அறைக்குள்ளிருந்து "அப்பாடா!" என்று ஒரு சத்தம். உடனே ஒரு பதில் மெயில். தமிழில். "ஒருவழியா சரின்னு சொல்லிட்டியே ராட்சசி! இந்த வாரம் பூரா பாத்திரம் நீதான் கழுவற. அம்மா உன்கிட்ட இன்னும் பேசமாட்டாங்களாம்."

எனக்கு மட்டும் வரவேண்டியது. சந்தோஷத்தில் மனிதர் 'எல்லோருக்கும்' என்ற பட்டனை அழுத்தியிருந்தார். லிஸ்ட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான பேருக்கும் போயிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தும் போட்டார். அடுத்தவர் கேட்டார்: "மனைவி போட்ட சரியை எப்படி நம்புவது?"

இவர் வாசற்படியில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "போச்சு. எல்லாம் என்னாலதான்."

உள்ளதைச் சொல்வது தவிர வேறு வழியில்லை. "ஆமாம், இவர் என் கணவர். முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். என் சரியை எடுத்துவிடுங்கள். பேட்ச்சை மட்டும் பாருங்கள்" என்று எழுதினேன்.

கடைசியில் சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பவரை நாங்கள் வாசல்காரர் என்போம். மகா கறார் பேர்வழி. மத்தியானம்வரை அவரிடமிருந்து மூச்சில்லை. மூன்று பேரும் ஒரே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். டிங்.

நான் மாமியாருக்காகத் தமிழில் வாசித்தேன். "ஐந்து பதிப்பையும் அத்தனை பதில்களையும் படித்தேன். முன்பின் தெரியாதவரைக்கூட யாரும் இவ்வளவு வதைத்து நான் பார்த்ததில்லை. அந்தச் சரி அப்படியே இருக்கட்டும். பேட்ச் சேர்க்கப்பட்டது. பாத்திர விவகாரம் இந்த லிஸ்ட்டின் எல்லைக்குள் வராது."

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமியார் பேச்சைத் திரும்ப ஆரம்பித்தார். "நீ கொடுமைக்காரின்னு பெரிய மனுஷரே எழுதிக் கொடுத்துட்டாரு. அதுவும் நல்லதுக்குத்தான் ஆச்சு."

பாத்திரம் என் தலையில் என்று எழுதியவர், தானே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கழுவப் போனார். பின்னாலேயே போய்க் கழுவி வைத்த டம்ளர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

"அடியில சோப்பு நுரை அப்படியே இருக்கு."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லிஸ்ட்ல சொல்லு."