செவலைக்குக் கட்டிய கப்பம்

பளிச்சென்று வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், புருஷன் கமலக்கண்ணன் ஜீப் கழுவும்போது போட்டுக்கொள்கிற ரப்பர் கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு மேகலா வாசலில் வந்து நின்றாள். பூட்ஸ் அவளுக்கு முழங்கால் வரைக்கும் வந்தது. நடந்தால் கால் ஒரு பக்கமும் பூட்ஸ் ஒரு பக்கமும் போயின. ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கமலக்கண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"மழை வருதா புள்ள?"

"பொதருக்குள்ள பாம்பு கீம்பு கெடக்குமுங்க."

"நாம நாய்க்கு ஊசி போடப் போறோம். பாம்புக்கு இல்ல."

அவனுக்குக் காரணம் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்ததால் அதற்கு மேல் சொல்லாமல், மீசைக்குள் சிரித்துக்கொண்டு டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

மேகலாவுக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில், பிறந்த ஊரான வாழவந்தியில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு வெறிநாய் அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சேலம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்த ஊசியின் வலி மறந்துவிட்டது, நாயின் மூச்சு மட்டும் இன்னும் காலில் படுகிறது. இதைப் பிள்ளைகளிடம் அவள் சொன்னதே இல்லை. எட்டு வயது ஜீவாவும் ஐந்து வயது மலரும் ஊரிலுள்ள நாய்களோடு நாயாகத் திரிகிறவர்கள். தன் பயம் அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பத்திரமாக மறைத்து வைத்திருந்தாள்.

வினை போன வாரம் ஊராட்சிக் கூட்டத்தில் வந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லத்தான் மேகலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அங்கே சேலத்திலிருந்து வந்திருந்த மாட்டு டாக்டர் பானு எழுந்து, நாகலூர் நாய்களுக்கெல்லாம் வெறிநோய்த் தடுப்பூசி போடப் போவதாகவும், வலையும் மருந்தும் தங்களிடம் இருப்பதாகவும், எந்த நாய் எங்கே படுக்கும் என்று தெரிந்த ஒரு குடும்பம் கூட வந்தால் போதும் என்றும் சொன்னார். கூட்டம் மொத்தமும் திடீரென்று தரையைப் பார்க்க ஆரம்பித்தது. மலர் மட்டும் பெஞ்சின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினாள். "எங்க ஊட்டுல நாலு பேருங்க! நாலு பேரும் வர்றோமுங்க!" என்றாள். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். கை தட்டின பிறகு எப்படிப் பின்வாங்குவது? தெருவிளக்கைப் பற்றிப் பேசவே மறந்துபோய் மேகலா வீடு திரும்பினாள்.

டீ பிளாஸ்க்கைத் தூக்குவதும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் தன் வேலை, மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். எலுமிச்சை சாதம் கிளறி, தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் எவர்சில்வர் தூக்குப் போசியில் அடைத்து எடுத்துக்கொண்டாள். ஜீப்பில் ஏறும்போது பக்கத்து வீட்டு அருக்காணி வேலி ஓரமாக வந்து நின்றாள்.

"அக்கா, எஸ்டேட் கேட்டு நாய்க்கு மொதல்ல போடச் சொல்லுங்க. இன்னைக்கு அதுக்கு ஊசி உளுகலீன்னா, எங்கூட்டுக்காரரு சாக்குல கட்டி மலைக்குக் கீழ கொண்டுபோயி உட்டுட்டு வந்துருவாராம். சாக்குகூட வாங்கி வெச்சிருக்காரு."

அருக்காணி சொன்னது செவலையை. எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிற செம்பட்டை நிறப் பெட்டை நாய். போன மாதம் அருக்காணியின் மகனை விரட்டி டவுசரைக் கிழித்துவிட்டது. பல் படவில்லை, டவுசரோடு போயிற்று. ஆனாலும் பெற்ற வயிறு பதறாமல் இருக்குமா? அருக்காணியின் புருஷன் சித்தன் கோபக்காரன் இல்லை, சொன்னால் சொன்னதைச் செய்கிறவன். மலரின் முகம் வாடிப்போயிற்று. பொழுதன்னைக்கும் செவலையைப் பற்றியே பேசுகிற பிள்ளை அவள். "போட்டுருவோம் சாமி, அழுவாத," என்று மேகலா அவளைத் தூக்கி ஜீப்பில் வைத்தாள். சொன்ன வாய்க்கு உள்ளே நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் செவலை யார் கைக்கும் சிக்காது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. தினமும் சாயங்காலம் காப்பித் தோட்டத்து வேலை விட்டு அந்தக் கேட்டைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்கு வர வேண்டும். அதற்காகவே மத்தியானச் சோற்றில் ஒரு கைப்பிடி மிச்சம் வைப்பாள். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போசியைத் திறந்து, "இந்தா, தின்னு, அக்கட்டால போ" என்று சோற்றைத் தூர வீசிவிட்டு, அது அந்தப் பக்கம் ஓடுகிற நேரத்தில் இந்தப் பக்கம் ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிடுவாள். கூட வேலை செய்கிறவர்களுக்குக்கூடத் தெரியாமல் அவள் கட்டிவந்த கப்பம் அது.

டாக்டரின் வேன் வந்ததும் நாகலூர் திருவிழாக் கோலம் கொண்டது. போன வாரம் பெய்த மழைக்குக் காப்பிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து ஊரே மணத்துக் கிடந்தது. அந்த மணத்துக்கு நடுவே நாய்களின் குலைப்பும் பிள்ளைகளின் கூச்சலும். ஜீவா முன்னால் ஓடி வழிகாட்ட, வலை பிடிக்கிற லாசர் பின்னால் ஓடினார். கூப்பிட்டுப் பார்த்ததில், ஒரே நாய்க்கு டீக்கடையில் ராஜா, மளிகைக்கடையில் மணி, எஸ்டேட் லைன் வீட்டில் டைகர் என்று பெயர் இருப்பதும், மூன்று இடத்திலும் அது காலைச் சாப்பாட்டை முடித்திருப்பதும் வெளிச்சத்துக்கு வந்தன. நாய் யாருடையது என்று டாக்டர் கேட்டபோது யாருடையதும் இல்லை என்றவர்கள், ஊசியைப் பார்த்ததும் "பாத்துப் போடுங்க, எங்க புள்ளைக்கு வலிக்கப்போவுது" என்று ஓடி வந்தார்கள். ஊசி போட்ட நாயின் நெற்றியில் கமலக்கண்ணன் ஊதா நிறச் சாயத்தைப் பீய்ச்சினான். மலர் ஒவ்வொரு நாய்க்கும் பொரை பிஸ்கட் கொடுத்து, "அழுவாத கண்ணு, முடிஞ்சு போச்சு" என்று தன் அம்மாவின் குரலிலேயே சமாதானம் சொன்னாள். மேகலா வேனின் படியில் நின்றபடி டீ ஊற்றினாள். கீழே இறங்கவில்லை. ஆனாலும் தன் பிள்ளைகளை ஊரே பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

எஸ்டேட் கேட்டில்தான் எல்லாம் நின்றுபோயிற்று. வலையைக் கண்டதும் செவலை காப்பிச் செடிக்குள் பாய்ந்துவிட்டது. லாசர் சுற்றிப் போனார், அது இன்னொரு பக்கம் போயிற்று. பொரையை வீசினார்கள், மோந்துகூடப் பார்க்கவில்லை. மலர் தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டாள். சித்தன் கேட்டோரமாக வந்து, கக்கத்தில் சாக்கை இடுக்கிக்கொண்டு நின்றான். டாக்டர் பானு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த ஊரு மஞ்சக்குட்டையில ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. இன்னொரு நாள் பாக்கலாம் கண்ணு."

"இன்னொரு நாள் அது இருக்காதுங்க!" என்று மலர் வீறிட்டு அழுதாள்.

அந்த அழுகை மேகலாவுக்குப் பொறுக்கவில்லை. வேனிலிருந்து இறங்கி பூட்ஸை இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை வாயில் இரண்டு வாய் சோறு விழுந்தால் அழுகை அடங்கும் என்று தூக்குப் போசியின் மூடியைத் திறந்தாள். மூடி 'ணங்'கென்றது. "இந்தா, தின்னு," என்றாள்.

காப்பிச் செடிகள் அசைந்தன. வெள்ளைப் பூக்கள் முதுகில் உதிர, செவலை வெளியே வந்தது. வலையைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. காதை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் ஆட்டிக்கொண்டு நேரே மேகலாவை நோக்கி வந்தது.

"அம்மா! உன்னையப் பாத்துதான் வாலாட்டுது!" என்றான் ஜீவா. "உனக்கு எப்படிம்மா தெரியும் அத?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மேகலா பின்னால் ஓர் அடி வைத்தாள். ஓடலாம் என்றால் பூட்ஸ் விடாது.

"தெனமும் சோறு போடறனுங்க," என்றாள் டாக்டரிடம். "பாசத்துல இல்லீங்க. எனக்கு நாயின்னா நொம்பப் பயமுங்க. கடிச்சுப்போடக் கூடாதுன்னுதான்."

"அது நாய்க்குத் தெரியாதே அக்கா," என்றார் பானு. "வலை வேண்டாம். நீங்க அப்படியே உக்காருங்க. அது தின்னும்போது கழுத்துல கைய மட்டும் வெச்சுக்குங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

மேகலா கமலக்கண்ணனைப் பார்த்தாள். அவன் இப்போது சிரிக்கவில்லை. சாயப் புட்டியோடு அவளுக்குப் பின்னால் வந்து முட்டிபோட்டு உட்கார்ந்து, "நா இருக்கேன் புள்ள," என்றான். அவள் உட்கார்ந்தாள். எலுமிச்சை சாதத்தைத் தரையில் வைத்தாள். அந்த மூச்சு கைக்குப் பக்கத்தில் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு, உள்ளங்கையை அதன் கழுத்தில் வைத்தாள். மயிர் சொரசொரப்பாகவும் அதற்கடியில் உடம்பு கதகதப்பாகவும் இருந்தன. உள்ளே அதன் நெஞ்சும் அவளுடையதைப் போலவே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இதுக்கும் பயமா, என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஆச்சு," என்றார் டாக்டர்.

கமலக்கண்ணன் அவசரமாகப் புட்டியை அழுத்தினான். சாயம் செவலையின் நெற்றியில் பாதி, மேகலாவின் கையில் பாதி என்று விழுந்தது. மலர் அழுகையை மறந்து குதித்தாள். "அம்மாவுக்கும் ஊசி போட்டாச்சு!" என்று அவள் கத்த, லாசர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சித்தன் குனிந்து செவலையின் ஊதா நெற்றியைப் பார்த்தான். பிறகு கக்கத்திலிருந்த சாக்கை எடுத்து உதறி நிழலில் விரித்து, "புள்ளைங்க உக்காந்து சோறு தின்னட்டுமுங்க," என்று மேகலாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது கேட்டடியில் மேகலா தனியாக நின்றாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையில் ஊதா போகவில்லை. பயமும் போகவில்லை. போசியைத் திறந்து ஒரு கைப்பிடிச் சோற்றை அள்ளி, வீசுவதற்குக் கையை ஓங்கினாள். தூரத்தில் ஊதா நெற்றியோடு செவலை எழுந்து நின்று, சோறு எங்கே விழும் என்று பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தது. மேகலா ஓங்கின கையை இறக்கினாள். மெல்லக் குந்தி உட்கார்ந்து, சோறு இருந்த கையை முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். காப்பிப் பூ உதிர்ந்து கிடந்த மண்ணில் நான்கு கால்கள் நிதானமாக நடந்து வருகிற சத்தம் கேட்டது.