கனெக்டரின் கால் நீளம்

மின்பலகைகள் செய்யும் அந்தப் பட்டறையில் யாரும் அண்ணனிடம் "இதுதான் கடைசி வரைபடமா?" என்று கேட்பதில்லை. எங்கும் எழுதி ஒட்டப்படாத அந்த விதிக்கு வாசற்காவலர் முதல் கணக்காளர் வரை எல்லாரும் கட்டுப்பட்டிருந்தார்கள். முதலாளியான அவர், தம்மைவிட மூத்தவர்களுக்கும் அண்ணன்தான். வரைந்து கொடுப்பார், கொடுத்த பிறகும் மாற்றிக்கொண்டே இருப்பார். மாற்றத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, பலகைகளை இணைக்கும் கனெக்டர்களை வாங்குவதே கொள்முதல் செய்பவரின் சாமர்த்தியம். கணிப்பு பலித்தால் அண்ணனின் மூளை. பிசகினால் கொள்முதலின் கவனக்குறைவு.

அப்படிப் பிசகித்தான் அண்ணனின் தங்கை கணவன் கொள்முதல் நாற்காலியை இழந்தான். இப்போது அதில் உட்கார்ந்திருப்பவள் அந்தத் தங்கைதான். அவர்கள் வீட்டுக்கு வரும் ஒரே சம்பளமும் அவளுடையதுதான்.

இன்றைய ஆர்டர் ஒரு பேக்பிளேனுக்கானது. ரயில் சிக்னல் பெட்டியின் முதுகெலும்பு போல நிற்கும் பெரிய பலகை அது. மற்றப் போர்டுகளெல்லாம் அதில்தான் வந்து செருகிக்கொள்ளும். அதில் அழுத்திப் பொருத்தும் கனெக்டர்களின் கால்கள் பலகையைக் கடந்து மறுபக்கம் சரியான அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் பிடிப்பில்லை; மிஞ்சினால் பின்மூடியில் இடிக்கும். கனெக்டர் தயாரிப்பாளர் கேட்ட நீளத்துக்குச் செய்து தருவார், திருப்பி எடுக்கமாட்டார். இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் அடுத்த வாய்ப்புக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும்.

வரைபடத்தில் மெல்லிய பலகை என்றிருந்தது. அதை நம்பிக் குட்டைக் காலுக்கு ஆர்டரைத் தயார்செய்து முடித்த வேளையில், அழுத்து இயந்திரக்காரர் அவள் மேசையருகே வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பட்டறை அவருக்கு வைத்த பெயர் உலக்கை.

"என்ன உலக்கையாரே, வாயில கொழுக்கட்டையா?"

"ஒண்ணுமில்லம்மா. காலைல அண்ணன் ஒரு தடிச்ச போர்டைக் குடுத்து, அழுத்திப் பாருன்னாரு. சும்மாத்தானாம்."

"எவ்வளவு தடிமன்?"

"அளக்கல. ஆனா கால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல." குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

நீளமான காலுக்கே ஆர்டரை மாற்றிவிடலாமா? கணவன் அன்று செய்ததும் அதைத்தான். மோப்பம் பிடித்து நீளமாக வாங்கினான். அண்ணன் சத்தமில்லாமல் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார். கனெக்டர்கள் குப்பைக்குப் போயின, அவன் வீட்டுக்குப் போனான்.

மாடிப்படியில் நின்று கணவனைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க அண்ணன்கிட்ட கேட்டியா?" என்றான்.

"அங்க கேக்குற வழக்கம் இருக்கா? தெரியாத மாதிரி பேசாதீங்க."

"நானும் கேக்கல. அதான் இங்க காய் நறுக்கிட்டிருக்கேன்." சற்று நிறுத்தினான். "உப்பு எங்க வச்ச?"

மாலையில் கூட்ட அறைக்குள் அவள் நுழைந்தபோது, அண்ணனுக்கும் கணக்காளருக்கும் எதிரே வாடிக்கையாளர் நிறுவனத்தின் பொறியாளர் அம்மாள் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். மேசை நடுவிலிருந்த தொலைபேசியின் ஒலிபெருக்கியில் தயாரிப்பாளரின் ஆள் காத்திருந்தார்.

"தேதி தள்ளிப் போகாதே?" என்று அம்மாள் கேட்டார்.

"எல்லாம் என் தங்கச்சி கையில," என்று அண்ணன் சிரித்தார். "தப்பாச்சுன்னா அவ காதைத் திருகுங்க. ஏற்கெனவே எங்க மாப்பிள்ளை ஒரு தடவை சொதப்பிட்டுப் போயிருக்காரு."

கணக்காளரும் சிரித்துவைத்தார். நாளைக்கான பழி இன்றே தன் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டது அவளுக்குப் புரிந்தது.

"மேடம், கால் எந்த நீளம்? ஆர்டரை முடிக்கணும்," என்றது ஒலிபெருக்கி.

"சொல்லு பாப்பா," என்றார் அண்ணன்.

குட்டையா, நெட்டையா? இரண்டில் எதைச் சொன்னாலும் அது அவள் சொன்னதாகவே இருக்கும்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று தொலைபேசியிடம் சொல்லிவிட்டு, வரைபடத்தை அண்ணன் பக்கம் தள்ளினாள். "அண்ணா, இதுதான் கடைசி வரைபடமா?"

கணக்காளர் கூரையைப் பார்த்தார். அண்ணனின் சிரிப்பு உதட்டளவில் நின்றது.

"என்ன கேள்வி இது, வெளியாளுங்க முன்னாடி? நான் எப்ப மாத்தியிருக்கேன்?"

"எப்பவும் மாத்துறீங்க, அண்ணா. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்க மாட்டோம்." பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். "பலகையோட தடிமனை உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்கப்புறம்தான் நான் நீளம் சொல்வேன்."