உள்ளே மடித்த துணி

அந்தத் தெருவில் பள்ளிச் சீருடை தைப்பவர் ஒரே ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பாவாடையோ கால்சட்டையோ, எதைத் தைத்தாலும் உள்ளே நாலு விரல் துணியை மடித்து வைத்துத் தைப்பார். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். “இவன் வளர்ற வேகத்துக்கு என் நூல்கண்டுதான் குட்டையாப் போகுது” என்பது, இறக்கிக் கொடுக்கும்போதெல்லாம் அவர் சொல்லும் ஒரே நகைச்சுவை. தெரு முழுக்க அதை மனப்பாடமாக வைத்திருந்தது. இருந்தாலும், மனுஷன் மனசு நோகக்கூடாதே என்று சிரித்து வைக்கும்.

அவருடைய மகளுக்கு ஏழு வயது. கழுத்தும் முதுகும் தானாக நிற்காது. படுத்திருப்பாள், இல்லாவிட்டால் அம்மாவின் தோளில் கிடப்பாள். பேச்சு கிடையாது. சந்தோஷத்துக்கு ஒரு சத்தம், வலிக்கு ஒரு சத்தம். வெளியாளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

அவள் உடம்புக்கென்று அளவெடுத்துச் செய்த நாற்காலி வேண்டும் என்று, அவளைக் கூட்டிப்போகும் உடற்பயிற்சி சிகிச்சை நிலையத்தில் சொன்னார்கள். தலைக்கும் இடுப்புக்கும் முட்டுக் கொடுத்து உட்கார வைத்தால் மூச்சு சீராகும், முதுகு இன்னும் வளையாது. விலையைக் கேட்ட மாஸ்டர், “நாற்காலிதானே கேட்டேன், சிம்மாசனமா?” என்றார். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் அளவு நாடாவை எடுத்ததும், “நகருங்கம்மா, இது என் தொழில்” என்று அவரே அளவெடுத்தார்.

சைக்கிள் கடைக்காரர் பிஸ்கட் டின்களில் ஓட்டை போட்டு, பிள்ளையின் படத்தை ஒட்டி, கடைகடையாகக் கொண்டுபோய் வைத்தார். மருந்துக்கடை அக்கா மீதிச் சில்லறையை டின்னில் போட்டுவிட்டுத்தான் “போடட்டுமா?” என்று கேட்பாள். அப்படியும் பணம் சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சேர்ந்த அன்றே, சந்தோஷத்தில், எழுதி வைத்திருந்த பழைய அளவையே மாஸ்டர் நாற்காலி செய்பவருக்கு அனுப்பிவிட்டார்.

நாற்காலி சனிக்கிழமை வந்தது. மறுநாள் மாலை பிள்ளை அதில் உட்காருவதைப் பார்க்கத் தெருவே வருவதாக ஏற்பாடு.

வந்த அன்றைக்கே உட்கார வைத்துப் பார்த்தார்கள். இடுப்பு வார் எட்டவில்லை. முழங்கால் விளிம்பைத் தாண்டி நீட்டியது. தலைமுட்டு தோளில் இடித்தது.

“பிள்ளை வளர்ந்துட்டா” என்றாள் மனைவி.

எந்த வீட்டிலும் சந்தோஷமாகச் சொல்லும் வார்த்தை. இங்கே இழவுச் செய்திபோல விழுந்தது.

“மெத்தையைப் பிரிச்சுப் பஞ்சைக் குறைச்சிடறேன். வாருக்கு ஒட்டுப் போடறேன். நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் தாங்கினா போதும்” என்றார் மாஸ்டர். “அத்தனை பேர் காசும்மா இது. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது?”

“ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் நாலு விரல் விடறீங்களே, இவளுக்கு ஏன் விடலே?”

“மறந்துட்டேன்.”

“இவளுக்குத் தச்ச கவுன் ஒண்ணுலயாவது மடிப்பு இருக்கா? பின்னாடி நாடா வச்சுக் கட்டற மாதிரியே தச்சீங்க. நான் ஒவ்வொண்ணையும் திருப்பிப் பார்த்திருக்கேன்.”

பிள்ளை பிறந்தபோது டாக்டர், “ரொம்ப எதிர்பார்க்காதீங்க” என்று மட்டும் சொன்னார். எதை, எதுவரைக்கும் என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தாலும் கைக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வருஷமாக அந்தக் கை இவளுக்கு மட்டும் நாளையைச் சேர்த்து வெட்டவில்லை.

ஆனாலும் பஞ்சைக் குறைத்தார்.

மறுநாள் கடைக்குள்ளும் வாசலிலும் கூட்டம். பிள்ளையை அமுக்கி உட்கார வைத்து, ஒட்டுப் போட்ட வாரை மாட்டினார். அவள் சத்தம் போட்டாள்.

“பாரு பாரு, சந்தோஷத்தைப் பாரு!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டக் கைதட்ட அவள் சத்தம் கூடியது. மனைவி கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் வாரை அவிழ்த்தார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அது சந்தோஷம் இல்லே” என்றார். “வலிக்குதுன்னு சொல்றா. நாற்காலி பத்தலே. வளர்ந்துட்டா. வளரமாட்டாள்னு நினைச்சு நான்தான் ஒட்ட அளவெடுத்துட்டேன்.”

கைதட்டல் பாதியில் நின்றது. இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்கள். அவர்களும் டின்னில் போட்டவர்கள்தான். முணுமுணுக்க உரிமை உண்டு.

“எவ்வளவு வளர்ந்திருக்கா?” என்று கேட்டார் சைக்கிள் கடைக்காரர்.

அப்போதுதான் உறைத்தது: அந்தப் பிள்ளையின் உயரம் அங்கே ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டர் துணி வெட்டும் மேஜையில் அவளைக் கிடத்தி, நாடாவை நீட்டி, பழைய அளவோடு ஒப்பிட்டார். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

“நாலு விரல்” என்றார். நாடாவைச் சுருட்டாமலே தலையைக் குனிந்துகொண்டார்.

“அதுக்கா இப்படி மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்கே?” என்றாள் மருந்துக்கடை அக்கா. “என் மகனுக்கு வருஷா வருஷம் மடிப்பு இறக்கறியே, ஒரு தடவையாவது என்கிட்டே மன்னிப்புக் கேட்டிருக்கியா? கூலியைத்தானே கேட்டே!”

சைக்கிள் கடைக்காரர் சிரிக்கவில்லை. நாற்காலியை ஒரு சுற்றுப் பார்த்தார். “பயிற்சி நிலையத்துல இதுக்குச் சரியா ஒரு சின்னவன் இருப்பான். அவன் வீட்டுல முடிஞ்சதைக் கொடுக்கட்டும். புது நாற்காலிக்கு ஆகற மிச்சத்துக்கு நம்ம டின் இருக்கு.” மேஜை மேலிருந்த டின்னை எடுத்து, அதில் ஒட்டியிருந்த படத்தை நகத்தால் சுரண்டினார். “இது யாரோ சின்னப் பிள்ளை. இவளைப் புதுசா ஒரு படம் எடுத்துக் கொடு.”

எல்லோரும் போனபின் மாஸ்டர் மறுபடி நாடாவை எடுத்தார். இடுப்பு, முதுகு, தொடை. ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு பென்சிலைக் காதில் சொருகப் போனவர், நிறுத்தினார்.

“வளர வளரப் பெருசாக்கிக்கற மாதிரி இடம் விட்டுச் செய்யச் சொல்லணும்” என்றார்.

“எவ்வளவு? நாலு விரலா?”

“ஆறு.”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாஸ்டர் மகளின் பக்கம் குனிந்தார். “இவ வளர்ற வேகத்துக்கு என் நூல்கண்டுதான்…”

“குட்டையாப் போகுது” என்று முடித்தாள் மனைவி, திரும்பாமலே. “கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.”

“இவ கேட்டதில்லையேம்மா” என்றார் மாஸ்டர்.