சுவரைப் பார்த்து நின்றவர்

“உங்கப்பா எந்தப் பூட்டையும் திறப்பாராமே, உன் மார்க் ஷீட் இருக்குற பீரோவை மட்டும் திறக்க மாட்டாராடி?”

கட்டண பாக்கிக்காகப் பள்ளிக்கூடம் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்ட புதிதில், பக்கத்து பெஞ்சுக்காரி விளையாட்டாகக் கேட்டது. அன்று அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இன்று அந்த அப்பாவின் விரல்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. நகக்கண்ணில் ஏறியிருந்த கருப்பு, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

“விடுடி. அது அவரோடயே போகட்டும்” என்றாள் அத்தை. மூக்கைச் சிந்திவிட்டு, வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். “ஊர்ல பாதி வீட்டுக்குள்ள போய் வந்த மனுஷன். எந்த வீட்ல என்ன இருக்குன்னு கேட்டா, எந்தச் சுவர்ல காரை பேந்திருக்குன்னுதான் சொல்லுவாரு.”

அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அது உண்மைதான். சாவி தொலைத்தவர்கள் கூப்பிட்டுப் போன இடத்தில், பூட்டு திறந்த சத்தம் கேட்டதும் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். உள்ளே இருப்பது உடையவர் கண்ணுக்கு மட்டும்தான் என்பார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சான்றிதழைக் காட்டி நர்சிங் படிப்பில் சேர வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். ‘ஒரு தடவை பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டாத்தான் என்னப்பா’ என்று போன மாதம் வாய்விட்டே கேட்டாள். அவர் அரத்தைத் துடைத்து வைத்துவிட்டு, ‘பாக்கலாம்மா’ என்றார். அவருக்கு அக்கறையே இல்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

வாசலில் பேச்சு சட்டென்று நின்றது. பள்ளி அலுவலக அம்மா உள்ளே வந்தார். பாக்கியைச் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

“இவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று அத்தை முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

“சும்மா இரு” என்றாள் அம்மா. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

அலுவலக அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் காதருகே குனிந்தார்.

“போன மாசம் ஆபீஸ் பீரோ பூட்டு சிக்கிக்கிச்சு. உங்கப்பாதான் வந்து திறந்தாரு. சொன்னாராம்மா?”

“இல்ல மேடம்.”

“திறந்ததும் சுவர் பக்கம் திரும்பிட்டாரு. ‘உங்க பொண்ணோடது மேல்தட்டுல, முதல்லயே இருக்குங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்’னு சொல்லிட்டு வேணும்னேதான் வெளிய போனேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தேன்.”

துணி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

“அப்பவும் சுவரைப் பாத்துக்கிட்டு நிக்குறாரு. எனக்குக் கோவமே வந்துடுச்சு. என்ன மனுஷன்யா நீங்கன்னு கேட்டேன். ‘அதை எடுத்துட்டுப் போனா, போற எடத்துல எல்லாம் எடுத்து நீட்டுறப்ப அவ கை நடுங்கும்மா. அவ பேரைக் கூப்பிட்டுக் குடுக்கணும், அவ வாங்கணும்’னாரு.”

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அந்த அம்மா காத்திருந்தார்.

“‘ஒண்ணு மட்டும் செய்ங்க. மார்க்கைப் படிச்சுக் காட்டுங்க, கேட்டுக்குறேன்’னாரு. படிச்சேன். அப்பவும் திரும்பல. உயிரியல் மார்க்கை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாரு. பெட்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்புறப்ப கூலி வேண்டாம்னுட்டாரு.”

அம்மாவுக்கும் இது புதிது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. “அன்னிக்குத்தான் பாடிக்கிட்டே வந்தாரு. வேலை நெறைய கெடைச்சிருக்குன்னு நெனச்சேன்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“தாளாளர் சொன்னா சான்றிதழைக் குடுத்துடலாம். அவர்கிட்ட உனக்காக நான் வாயைத் திறந்ததே இல்லம்மா” என்றார் அந்த அம்மா. “என் வேலைக்கு ஆபத்து வந்துடுமோன்னு பயம்.”

அவள் அப்பாவின் கையை மெல்ல அவர் மார்பின் மேல் வைத்தாள். இத்தனை பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லாதவள், சத்தமாகவே கேட்டாள்.

“நான் வந்து கேட்டா, என் பேரைக் கூப்பிட்டுக் குடுப்பீங்களா மேடம்?”

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அத்தை நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

ஜன்னல் வழியே அவள் பார்த்தாள். அந்த அம்மா வழக்கமாகப் பேருந்து ஏறும் நிறுத்தம் எதிரேதான் இருந்தது. பேருந்தும் வந்து நின்றது. அவர் அதைக் கடந்து, தாளாளர் வீடு இருந்த மேட்டுத் தெருவில், உச்சி வெயிலில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.