ஐந்து துளையும் ஒரு நேர்த்தியும்

ரேணுகாதேவி அந்த நேர்த்திக்கடனை வைத்தது ஆபரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுகட்டிலில் மல்லாந்து கிடந்தபடி. அவளுடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்து அவள் புருசன் தங்கபாண்டிக்கு வைக்கப் போகிறார்கள். மயக்க ஊசி போடுவதற்கு முன் கிடைத்த ஐந்து நிமிடத்தில் ஊர்க் காளியம்மனைக் கூப்பிட்டாள்.

"ஆத்தா, அவுகள உசுரோட திருப்பிக் குடுத்துரு. பங்குனிப் பொங்கலுக்கு அவுக ஒடம்பு பூராச் சேறு பூசிக்கிட்டு ஒன் வாசலுக்கு வருவாக."

நேர்ந்தது அவள், சேறு பூச வேண்டியது அவர். இது நம் பக்கத்தில் புதிதா என்ன? மொட்டை போட்டுக்கொண்டு நிற்கிற ஆம்பளைகளில் பாதிப்பேர், வீட்டில் யாரோ ஒருத்தி கேட்காமல் நேர்ந்துவிட்டதற்காகத் தலையைக் கொடுத்தவர்கள்தான்.

தங்கபாண்டிக்குப் பரளச்சியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, விதை விற்கும் கடை. வயது நாற்பத்திரண்டு, எடை தொண்ணூற்றாறு கிலோ. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து அவருடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்று தீர்த்திருந்தன. ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார். அவள் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று தெரிந்த அன்று, பத்தாவது படிக்கும் மகள் சுகப்பிரியா அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உட்காரவைத்து விளக்கினார். "வயித்தை நீளமாக் கிழிச்சு வச்சா, இவரு உடம்புக்கும் சர்க்கரைக்கும் காயத்துல சீழ் புடிச்சிரும். அதனால அஞ்சு துளை போட்டு, ரோபோ கையை உள்ள விட்டுச் செய்யப்போறோம். உங்களுக்கும் துளைதாம்மா. வெளிய காயம் சின்னதா இருக்கும். ஆனா உள்ள நடக்கிறது பெரிய ஆபரேஷன். அதை மட்டும் மறந்துறாதீங்க."

இருவரும் தலையை ஆட்டினார்கள். சின்னக் காயம் என்றது மனதில் நின்றது. மற்றது நிற்கவில்லை.

தை மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவருடைய தொப்புளருகே ஒரு சிறு கீறல், அதைச் சுற்றி ஐந்து துளைகள். அடிவயிற்றில் விரல் நீளக் கீறலோடு ரேணுகாதேவி மூன்றாம் நாளே எழுந்து நடந்துபோய் அவரைப் பார்த்தாள். கட்டிலோரம் தொங்கிய பையில் மஞ்சளாக மூத்திரம் இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் தீர்த்தத்தைப் பார்ப்பது போல அதைப் பார்த்து இரண்டு பேரும் அழுதார்கள்.

ஊர் திரும்பியதும் கடைக்கு வந்தவர்களெல்லாம் காயத்தைக் காட்டச் சொன்னார்கள். அவரும் பனியனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

"ஏலே தங்கபாண்டி, இதுக்கா மதுரைக்குப் போன? கருவேல முள்ளு குத்துனாக்கூட இதவிடப் பெருசா இருக்குமேலே" என்றான் கூட்டாளி மாரிச்சாமி.

கடையே சிரித்தது. இந்த மண்ணில் நோயை அளப்பது காயத்தை வைத்துத்தான். ஒரு சாண் தையல் போட்டு வந்தவனை ஆறு மாதம் அசையவிடாமல் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். காயம் காய்ந்துவிட்டால் நோவும் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவா முடியும்?

தங்கபாண்டி மட்டும் ஒழுங்காகத்தான் இருந்தார். காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் மாத்திரை, வெந்நீர், கடையில் முகக்கவசம். வந்த சிறுநீரகத்தோடு உடம்பு சண்டைக்குப் போகாமல் அடக்கி வைக்கிற மாத்திரை அது. அதே அடக்கத்தில் கிருமி வந்தாலும் உடம்பு சண்டை போடாது. அதனால்தான் அவருக்கு அவ்வளவு கவனம்.

பங்குனி பிறந்தது. அவருடைய அக்கா அழகுத்தாயிடம் ரேணுகாதேவி நேர்த்தியைச் சொன்னாள். "நேந்தத வச்சுக்கிட்டிருக்கக் கூடாதுத்தா. சாமி கேட்டு வாங்குனா நம்மளால தாங்க முடியாது" என்றாள் அழகுத்தாய்.

அன்று சாப்பிடும்போது ரேணுகாதேவி புருசனிடம் பேச்செடுத்தாள். அவர் கை நின்றது.

"டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவமே."

"வேணாங்க. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாக. நம்ம ஆத்தாளப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும்? காயந்தான் காஞ்சு போச்சுல்ல."

அவர் மறுபடி சோற்றில் கை வைத்தார். "நீ கேட்டு நான் மாட்டேங்கிறதுக்கு என்ன இருக்கு ரேணுகா? உள்ள ஓடிக்கிட்டிருக்கிறதே ஒன்னோடதுதான்."

அந்தச் சொல்லில் பூரித்துப் போனாள், பாவி. கடன்பட்டவன் மறுத்துப் பேசமாட்டான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

காளியம்மன் கோயில் பொங்கலன்று ஊருணியில் முழங்கால் அளவுக்குக் கூடத் தண்ணீர் இல்லை. ஆடும் மாடும் உழப்பிய கருஞ்சேறு. அதை அள்ளி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பூசிவிட்டார்கள். இடுப்பில் வேப்பிலை கட்டி, கொட்டுக்குப் பின்னால் மூன்று தெரு நடந்தார் தங்கபாண்டி. அந்தப் பெருத்த உடம்பில் சேறு வழிந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தன. அவரும் சிரித்தார். குடத்துத் தண்ணீரோடு பின்னால் போன ரேணுகாதேவிக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோசம் இருந்ததில்லை.

பதினோராம் நாள் காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

"மண்ணு, சேறு, வயல்வேலைன்னு எதுலயாவது இறங்குனீங்களா?" முதல் நாளே டாக்டரம்மா நேராகக் கேட்டார்.

தங்கபாண்டி பெண்டாட்டியைப் பார்த்தார். "இல்லைங்க. கடையிலதான் உக்காந்திருந்தேன்."

அவளை யாரும் ஏசிவிடக்கூடாது என்று சொன்ன பொய். அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஏச்சுக்குப் பயந்தாள், அதைவிட, ஆத்தா பேருக்குப் பழி வந்துவிடுமோ என்று பயந்தாள். டாக்டர்கள் வேறு கிருமிகளைத் தேடி வேறு மருந்துகளை ஏற்றினார்கள். ஒரு நாள் போனது, இரண்டு போனது. நாளைக்குக் காய்ச்சல் இறங்கிவிடும், சொல்லவே வேண்டியதில்லை என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

ஐந்தாம் நாள் நுரையீரலிலும், வைத்த சிறுநீரகத்தைச் சுற்றியும் சீழ் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அப்போதுதான் டாக்டரம்மா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

டாக்டரம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சேத்துல இருக்கிற கிருமிம்மா அது. அதுக்குன்னு தனி மருந்து இருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா கிட்னியையும் காப்பாத்தப் பார்த்திருப்பேன். இனிமே உடம்பை அடக்குற அந்த மாத்திரையை நிறுத்தி, கிட்னியை எடுத்தாத்தான் ஆளு பிழைப்பாரு."

இந்தத் தடவை துளையெல்லாம் போடவில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அவளுக்குள்ளிருந்து போய் மூன்று மாதம் அவருக்காக ஓடிய உறுப்பு. எடுத்ததைப் பார்க்கிறீர்களா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். ரேணுகாதேவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஆள் பிழைத்தார். "உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டாளே ஆத்தா" என்றாள் அழகுத்தாய். ரேணுகாதேவி உசுரைத்தான் கேட்டிருந்தாள். உசுர் இருந்தது. மறுபடியும் வாரம் மூன்று நாள் அருப்புக்கோட்டை பஸ், கையில் தடித்த ஊசி, சாயங்காலம் வெளுத்த முகம். எடை எழுபத்தொன்றுக்கு வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

ஆவணியில் மதுரைக்குக் காட்டப் போனார்கள். அவரை ரத்தம் எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள்.

"வேற யாராவது சொந்தத்துல குடுக்க இருக்காங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். "அரசாங்கப் பட்டியல்ல பேரு இருக்கு. ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. அவ்வளவு நாள் இவரு இருதயம் தாங்குமான்னுதான் பயமா இருக்கு."

மாமியார் மாமனார் இல்லை. அழகுத்தாய்க்குச் சர்க்கரை. மகள் சின்னப்பிள்ளை.

"நான் இருக்கேன்ல டாக்டரம்மா. எங்கிட்ட இன்னொண்ணு இருக்குல்ல, அத எடுத்து வைங்க."

"அதை எடுத்தா நீ எப்படிம்மா இருப்ப?"

"நான் டயாலிசிஸ் பண்ணிக்கிறேன். செத்தாலும் போகுது. எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன். அவுகளுக்கு வச்சிருங்க." மேசையைப் பிடித்துக்கொண்டு மன்றாடினாள். டாக்டரம்மா இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பின்னால் கதவு திறந்திருந்தது. கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தங்கபாண்டி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"இப்பவும் என்னைய ஒரு வார்த்த கேக்க மாட்டியா ரேணுகா?" என்றார்.